உயிலும் கல்லும் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களில் பழைய உயில்களையும் கல்லறைகளையும் வைத்துக் குடும்ப வரலாறு தேடிவரும் எங்களுக்கு வீட்டையும் பெட்டகத்தையும் திறந்துவிட்ட எல்லோருக்கும் இந்த மடல். யாரால் எது துலங்கியது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். அடுத்துத் தேடுகிறவர்களுக்கு அது உதவும்.

முதலில் ஆச்சிமார்கள், அதாவது வீட்டுப் பெரிய பெண்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) பெயருக்கு முன் போடும் முன்னெழுத்துத் தொடரான விலாசம் ஆண்களின் வரிசை. முன்னெழுத்துகளை அவிழ்த்தால் பாட்டனார், பூட்டனார் வரை வந்துவிடலாம், ஆனால் ஒரு பெண் பெயர்கூடத் தட்டுப்படாது. தலைமகனுக்கு அப்பச்சியை (அப்பாவை)ப் பெற்ற ஐயாவின் (தாத்தாவின்) பெயரை விடுவதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். தாளை மட்டும் நம்பினால் ஐயாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். "அவர் உமையாளைக் கட்டினவர், இவர் மெய்யம்மையைக் கட்டினவர்" என்று ஆச்சிமார்கள் பிரித்துச் சொன்ன பிறகுதான் வரிசை நேரானது. பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) விவரமும் அவர்கள் வாயிலிருந்தே வந்தது. பிறந்த வீட்டு வரிசையில் ஒருவர் பெயர் பாதியில் நின்றுபோனால் இறந்துவிட்டார் என்று குறித்துவிடக் கூடாது. அதே கோயில் (நகரத்தாரின் குலப்பிரிவு), அதே உட்பிரிவைச் சேர்ந்த வேறொரு வீட்டில், வேறு விலாசத்தோடு அவர் இருக்கக்கூடும்.

கோயில் கணக்கு பார்ப்பவர்களுக்கும் நன்றி. ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில், எத்தனை புள்ளி (கல்யாணமான குடும்பக் கணக்கு), எந்த ஆண்டில் புதுப்புள்ளி சேர்ந்தது என்ற குறிப்பு கல்யாண ஆண்டைப் பிடிக்க உதவுகிறது. வரைந்த வரிசையைச் சரிபார்க்கவும் கோயில்தான் உரைகல். இரணியூரும் பிள்ளையார்பட்டியும் சகோதரக் கோயில்கள், தங்களுக்குள் பெண் எடுப்பதில்லை. நம் தாளில் அப்படியொரு கல்யாணம் வந்து நின்றால் தாளில்தான் பிழை.

பத்திர எழுத்தர்களுக்குத் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு "உயிலே இல்லை" என்று திரும்பிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்திலிருந்து வருவது. பதிவான உயில் ஏறுவதோ 3ஆம் புத்தகத்தில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல். அவர் காலமான பிறகு யார் மனுக் கொடுத்தாலும் நகல் உண்டு. ஆகவே இறப்புக்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். இந்தப் புத்தகத்தை நாம் புரட்ட முடியாது, பதிவு அலுவலர்தான் தேடித்தர வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், உத்தேச ஆண்டு நான்கையும் தெளிவாக எழுதிக்கொடுத்தால்தான் அவருக்கும் தேட வசதி. பொறுமையோடு அட்டவணையைப் பார்த்துக்கொடுத்த பதிவுத்துறை ஊழியர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அவர்கள் விளக்கிய இன்னொன்று: பழைய உயில் கிடைக்காததற்குக் கறையான் மட்டும் காரணமில்லை. மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட முறையில் கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பிரிபடாத பங்கை ஒருவர் உயிலால் எழுதிவைக்க முடியாமல் இருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவுதான் அதற்கு வழிவிட்டது. அதற்கு முந்திய உயில் கையில் கிடைத்தால், எழுதியவர் பாகம் பிரிந்தவரா, சுயசம்பாத்தியம் உள்ளவரா, பிள்ளையில்லாதவரா, கைம்பெண்ணா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதில் ஒன்றாக இருக்கும். மற்ற குடும்பங்களுக்குத் தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரமும் விடுதலைப் பத்திரமும். அவை 1ஆம் புத்தகத்தில். பத்திரத்தின் கடைசியில் வரும் தபசிலை (சொத்து விவரத்தை) யாரும் தாண்டிப் போகாதீர்கள். நான்கெல்லையில் வரும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்களை நாலைந்து பத்திரங்களிலிருந்து எடுத்து ஒட்டினால் அந்தக் காலத்துத் தெருவே எழுந்து நிற்கும். எங்களுக்கு உயிலைவிடத் தபசிலிலேயே ருசி அதிகம்.

எந்த அலுவலகம் என்பதிலும் தடுமாற்றம் வரும். கோனாபட்டு, ராயவரம் போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம். காரைக்குடிப் பக்கத்துப் பத்திரங்களில் 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை மதுரை ஜில்லா என்றே இருக்கும்.

நகரத்தார் தொழில் நடத்திய கொழும்பிலும் பினாங்கிலும் எங்களுக்காக ஆவணக் காப்பகம் ஏறி இறங்கிய நண்பர்களே, உங்களுக்கு என்ன சொல்ல! செட்டியார், செட்டி, சிட்டி என்று குமாஸ்தா காதில் விழுந்தபடியெல்லாம் எழுத்து இருக்கும். பவர் வாங்கிய ஏஜெண்டு பெயரில் மனு இருப்பதால் முதலாளி பெயரில் தேடினால் அகப்படாததும் உண்டு. தீர்ப்புத் தொகுப்புகளைப் பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். மகன் 1934இலும் தகப்பனார் 1938இலும் இறந்த ஒரு குடும்பத்தின் இலங்கை மரணவரி வழக்கு 1957இல் லண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில்வரை போயிருக்கிறது. அப்படிப்பட்ட தீர்ப்புகளில் வாரிசு வரிசை தேதியோடு கிடைக்கும்.

இனிக் கல். நகரத்தார் தகனம் செய்பவர்கள். கல்லறை தேடிப் போனால் இருப்பது பள்ளிவாசல் மையவாடியும் (அடக்கத்தலமும்) தேவாலயத் தோட்டமும் சில சமாதிகளும்தான். மீசான் கற்களில் (முஸ்லிம் கல்லறைக் கற்களில்) அரபு எழுத்தில் எழுதியிருந்த தமிழான அரபுத்தமிழை வாசித்துக்கொடுத்த ஜமாத்துப் பெரியவர்களுக்கு நன்றி. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் உத்தேச ஆங்கில ஆண்டு வரும். 1318 என்றால் 1900ஐ ஒட்டி. அடக்கப் பதிவேட்டைக் காட்டிய உபதேசியார்களுக்கும் நன்றி. கல்லில் எழுத்து உதிர்ந்தாலும் ஏட்டில் தகப்பனார் பெயர் நிற்கிறது.

சுமைதாங்கிக் கற்களைக் காட்டியவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக நட்டவை அவை. சிலவற்றில் பெயரும் ஆண்டும் உண்டு. எந்த விலாசத்திலும் ஏறாத பெண் பெயர் கல்லில் இருக்கிறது. ஆண்டு தமிழெண்ணில் இருந்தால் ௲௮௱௯௰௯ என்பது 1899. ௰ஐ யகரமென்று வாசித்தால் எல்லாம் குழம்பும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் ஆண்டான விகாரி என்று மட்டும் இருந்தால் 1899–1900ஆகவும் இருக்கலாம், 1959–60ஆகவும் இருக்கலாம். கிழமையோ திதியோ உடனிருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் ஒத்துப்பார்த்து முடிவுசெய்யலாம். 1899–1900 விகாரியின் தை மாதம் என்றால் 1900 ஜனவரி–பிப்ரவரிக்குப் போக வேண்டும், 1899 இல்லை.

கல் தச்சர்கள் அடித்துச் சொன்னது: கம்பித் தூரிகை, ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. எண்ணெய் பூசினால் தூசி ஒட்டி எழுத்து அடைபடும். சுண்ணாம்புக் கோடு இழுத்தால் நாம் நினைத்த எழுத்தே கல்லில் நிற்கும். கருங்கல்லுக்குத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். செம்புறாங்கல் மேல் சுதை பூசிய கல்லறையில் தண்ணீரே வேண்டாம், பூச்சு பொருக்குத் தட்டி எழுத்தோடு விழும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதோ, டார்ச்சைக் கல்லோடு படியச் சாய்த்துப் பிடித்தோ படம் எடுங்கள். முழுக்கல் ஒன்று, வரிக்கு ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோல்.

வாங்கிப் படமெடுத்த ஏடுகளும் பத்திரங்களும் அந்தந்த வீட்டுக்கே திரும்பிவிட்டன. படியெடுத்ததில் ஐயமுள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெயர் அதில் இருந்தால், திருத்தத்தோடு அது எந்தப் பத்திரத்தில், எந்தக் கல்லில் உள்ளது என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உயிலும் கல்லும் தேடும் குழுவினர்
காரைக்குடி