கல்லாவில் இருப்பவர் கடைசியாகப் படித்த நாவல் எது?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ப் புத்தகக் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நான் உங்கள் வாடிக்கையாளர்தான். வீடு செந்தூலில். சம்பளம் போட்ட வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கமோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ வந்து ஒன்றிரண்டு நாவல் வாங்கிப் போகிறவள். என் முகம் உங்களுக்குத் தெரியும், பெயர் தெரியாது. ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம்: நீங்களே படித்துப் பிடித்துப்போன நாவலுக்குக் கீழே கையால் எழுதிய சின்ன அட்டை ஒன்று வையுங்கள்.

போன பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு போயிருந்தோம். பிள்ளைகளும் அவர்கள் அப்பாவும் செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்புக்கு வரிசையில் நிற்க, நான் ஜார்ஜ்டவுனில் ஓர் ஆங்கிலப் புத்தகக் கடைக்குள் ஒதுங்கினேன். சின்னக் கடை, பெரிய கம்பெனியின் கிளை இல்லை. அலமாரி விளிம்பில் சில புத்தகங்களுக்குக் கீழே கையால் எழுதிய அட்டைகள் செருகியிருந்தார்கள். கடையில் வேலை செய்பவர்களே படித்துவிட்டு எழுதியவை. டான் துவான் எங்கின் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' நாவலுக்கு ஓர் அட்டை. நாவலாசிரியர் பினாங்கில் பிறந்தவர், கதை நடப்பதும் 1921ஆம் ஆண்டுப் பினாங்கில். அதை அந்தக் கடை முன்னால் வைக்காமல் வேறு எதை வைக்கும்? ஆனால் பக்கத்து அட்டையைப் பார்த்து நின்றுவிட்டேன். பெருமாள்முருகனின் 'பூக்குழி', ஆங்கில மொழிபெயர்ப்பு. கடைசிப் பத்துப் பக்கத்தைத் தான் நின்றுகொண்டே படித்ததாக எழுதி, கீழே பெயரின் முதல் எழுத்தையும் போட்டிருந்தார் ஒருவர்.

'பூக்குழி' தமிழில் வந்தது 2013இல். மொழிபெயர்ப்பு பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது 2023இல். இடைப்பட்ட வருடங்களில் உங்கள் அலமாரியில் எத்தனையோ தடவை அதன் முதுகைப் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கிறேன். தமிழ் நாவலைத் தமிழச்சி ஒருத்திக்கு எடுத்துக் கொடுக்க ஆங்கிலக் கடைக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் உங்கள் மேல் கோபமும் வந்தது, மறைப்பானேன்.

ஏனென்றால் நான் கேட்காமல் இல்லை. உங்களில் ஒருவரிடம் "அண்ணே, புதுசா நல்ல நாவல் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டேன். "எல்லாமே நல்லாதாம்மா போவுது" என்றார். போவது எது என்று நான் கேட்கவில்லையே! இன்னொரு கடையில் கை நேராக ஐந்து பாகச் சரித்திர நாவலைக் காட்டியது. அதைத்தான் என் பாட்டி காலத்திலிருந்து எல்லோரும் காட்டுகிறார்கள்.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. உங்கள் கடைக்குச் சோறு போடுவது பயிற்சி நூல்களும் நாட்காட்டியும் சாமி படமும்தான். 2021இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை ரத்து செய்தபோது, முதல் அடி உங்கள் வயிற்றில் விழுந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். நாவல் விற்பனை இன்னும் மோசம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டிப் புதியவை மொத்தமாகக் கொட்டுகின்றன. பெட்டி இங்கே வந்து சேரும்போது அங்கே பேச்சு ஓய்ந்திருக்கும். விற்காமல் கிடந்தால் திருப்பி அனுப்பக் கூலி கட்டாது. அதனால் தெரிந்த பெயராகப் பார்த்துத் தருவிக்கிறீர்கள். சரி. ஆனால் தெரிந்த பெயரை நான் கைப்பேசியிலேயே வாங்கிக்கொள்வேனே? யூடியூபில் ஒருவர் பத்து நிமிடத்தில் பத்து நாவலைப் புகழ்ந்து தள்ளுகிறார். அவருக்கு என்னைத் தெரியாது. போன மாதம் நான் எதை எடுத்தேன், எதைப் புரட்டிவிட்டுத் திரும்ப வைத்தேன் என்று பார்த்தவர் நீங்கள்தான்.

இதில் மலேசிய நாவல்களின் நிலைமை தனி. இங்கே தமிழ் நாவல் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ரப்பர் தோட்டம், ஜப்பானியர் காலத்துச் சயாம் மரண ரயில் பாதை, தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்தவர்களின் அடுக்குமாடி வாழ்க்கை என்று நம் கதைகள் நிறைய உண்டு. கடைகளில் அவை கீழ்த் தட்டில், குனிந்தால்தான் கண்ணில் படும். பெரும்பாலும் எழுதியவரே கைக்காசு போட்டு அச்சடித்தவை. மண்டபத்தில் வெளியீடு நடக்கும், மாலை மரியாதை நடக்கும், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் பண உறை கொடுத்து முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். அவர் அதைப் படித்தாரா என்று கேட்பது நாகரிகம் இல்லை. அப்புறம் மிச்சப் பெட்டிகள் எழுத்தாளர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நல்லதா இல்லையா என்று எங்களுக்குச் சொல்ல ஆளே இல்லை.

நீங்கள் ஏன் சொல்வதில்லை என்பதும் ஓரளவு தெரியும். ஊர் சின்னது. ஒருவர் நூலுக்கு அட்டை வைத்தால் இன்னொருவர் கடைக்கே வந்து "என்னோடதுக்கு ஏன் இல்ல?" என்பார். அதற்குத்தான் சொல்கிறேன், 'சிறந்த நாவல்' என்று எழுதாதீர்கள். 'எனக்குப் பிடித்தது' என்று எழுதுங்கள். அதற்கு யார் சண்டைக்கு வர முடியும்?

எனக்குத் தெரிந்து சமீபத்தில் ஓர் உள்ளூர் நாவலைப் பெயர் சொல்லி எல்லோரும் கேட்டது ஒரே ஒரு தடவைதான். 2020இல் ம. நவீனின் 'பேய்ச்சி'யை உள்துறை அமைச்சு தடை செய்தபோது. அந்த நாவல் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், அது இருக்கட்டும். ஒரு நாவலைத் தேட வைக்க எங்களுக்குத் தடை உத்தரவு தேவைப்பட்டதே, அதைச் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. உள்ளங்கை அளவு அட்டையில் மூன்று வரி. பின்னட்டை வாசகத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அதை நானே படித்துக்கொள்வேன். 'முதல் அறுபது பக்கம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால் உங்களை நம்புவேன். 'வேகமான கதை தேடுபவர்கள் வாங்க வேண்டாம்' என்றால் இன்னும் நம்புவேன். கடைக்கு நான்கு அட்டை போதும், அதில் ஒன்றாவது கீழ்த் தட்டிலிருந்து மேலே வரட்டும். மாதாமாதம் மாற்ற வேண்டும் என்றில்லை. அடுத்ததைப் படித்து முடித்ததும் மாற்றினால் சரி.

இன்னொன்று, கொஞ்சம் சுயநலம்தான். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை இருக்கிறது, அதில் புத்தகமும் அடக்கம். கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல் ஒழுங்கான ரசீது கொடுங்கள். நான் இன்னும் இரண்டு புத்தகம் சேர்த்து வாங்குவேன்.

இந்த மாதம் சம்பளம் வந்ததும் வருகிறேன். வெற்று அட்டைகளும் ஒரு மார்க்கர் பேனாவும் நானே கொண்டுவருகிறேன். கல்லாவில் இருப்பவரிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: நீங்கள் கடைசியாகப் படித்த நாவல் எது? "படிக்க எங்கம்மா நேரம்?" என்றால் அதையே முதல் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு, நான் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி