மழைக்கு முன் கூரை: ஹாலிஃபாக்ஸ் பண்ணைவீட்டுக்கு நன்கொடை கேட்கிறோம்

வணக்கம். ஹாலிஃபாக்ஸுக்கு மேலே, மேட்டு நிலத்தில் நிற்கும் எங்கள் கல் பண்ணைவீட்டின் கூரைக்காகக் கேட்கிறோம். பழுதுபார்ப்புக் குழுவில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் யார்க்ஷையரில் இருக்கும் நம்மவர்களிடம் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது.

தூரத்திலிருந்து பார்த்தால் நீளமான கறுப்புக் கட்டடம், அவ்வளவுதான். கல்லின் சொந்த நிறம் அதுவல்ல. பழுப்பு மணற்கல் அது, மில் புகை படிந்து கறுத்தது. கிட்டே போனால், ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் களஞ்சியமும் இருப்பது தெரியும். களஞ்சியத்துக்கு இந்த வட்டாரச் சொல் லேத்; ஆகவே இந்த வகைக்கு லேத் ஹவுஸ் என்று பெயர். பெனைன் மலைச்சரிவில் உள்ளவை பெரும்பாலும் 1780க்கும் 1850க்கும் இடையில் கட்டப்பட்டவை. கொஞ்சம் நிலம், சில மாடுகள், மிச்ச நேரத்தில் தறி என்பதுதான் இங்கே பலருக்கு அன்றைய பிழைப்பு. மாடியில் கல் தண்டுகளுக்கு நடுவே ஜன்னல்கள் வரிசையாக இருப்பது அழகுக்காக அல்ல, தறிக்கு வெளிச்சம் வேண்டுமே! இந்த வட்டாரத்து வீடுகளில் நெய்த கம்பளித் துணியை விற்கத்தான் 1779இல் ஹாலிஃபாக்ஸில் பீஸ் ஹால் என்ற துணிச் சந்தையைத் திறந்தார்கள்.

எனக்குப் பிடித்த இடம் களஞ்சியம். காய்ந்த புல் ஏற்றிய வண்டி அப்படியே நுழையும் உயரத்துக்கு வளைவு வாசல். எதிர்ச்சுவரில் சின்னதாக இன்னொரு கதவு. இரண்டையும் திறந்தால் நடுவில் உள்ள களத்தில் காற்று பாய்ந்து போகும். ஓட்ஸ் கதிரை அடித்து அங்கேயே தூற்றுவார்கள். நம் ஊர்க் களத்தில் காற்றுக்குக் காத்திருப்போம். இவர்கள் காற்றுக்கு வழி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் தொழுவம், அதன் மேல் பரண்.

சரி, கூரைக்கு வருவோம். வேய்ந்திருப்பது ஓடு அல்ல, மணற்கல் பலகைகள். இறவாணத்தில் பெரியவை, முகட்டை நோக்கிப் போகப் போகச் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு மர ஆணியில் தொங்குகிறது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆணியும் ரீப்பரும் உளுத்துப்போனதால் பலகைகள் சரிகின்றன, மழை உள்ளே இறங்குகிறது, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை இற்றுக்கொண்டிருக்கிறது. முனை போனால் சுவரும் போகும்.

இன்னொரு தொல்லை சிமென்ட். முன்பு யாரோ நல்லெண்ணத்தில் கல் இடுக்கெல்லாம் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. தேங்கிய ஈரம் குளிரில் உறைந்து கல்லின் முகத்தைப் பெயர்க்கிறது. அந்தச் சிமென்டையெல்லாம் கையுளியால் சுரண்டி எடுக்க வேண்டும். இயந்திரம் வைத்தால் கல்லும் சேர்ந்து போய்விடும்.

வேலையில் 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் வழியைத்தான் பின்பற்றுகிறோம்: பழசைப் புதுசாக்குவதில்லை, பழுது பார்ப்பதோடு சரி. இறக்கும் பலகைகளில் நல்லவற்றை அதே இடத்தில் ஏற்றுவோம். வேலை முடிந்ததும் களஞ்சியம் ஊர்ப் பொது மண்டபமாகும்.

செலவில் ஒரு எரிச்சல் உண்டு. புது வீடு கட்டினால் வாட் வரி இல்லை. பழைய கட்டடத்தைப் பழுது பார்த்தால் 20 சதவீதம்! அப்புறம் வௌவால்கள். சட்டம் அவற்றைக் காப்பதால், கணக்கெடுப்பு முடியாமல் கூரையில் கை வைக்க முடியாது. அதற்கும் பணம் வேண்டும்.

10 பவுண்ட் என்றாலும் தாருங்கள். நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்திடுங்கள். எங்களுடையது பதிவு செய்த அறக்கட்டளை என்பதால் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். கேட்டால் பொருளாளர் வங்கி விவரம் அனுப்புவார்.

பணம் முடியாதவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள், இறக்கிய பலகைகளை அளவு வாரியாக அடுக்க ஆள் வேண்டும். கையுறை கொண்டுவாருங்கள். தேநீர் எங்கள் பொறுப்பு.