கையொப்பம் வாங்கினீர்கள், பை மாற்றக் கற்றுத் தந்தீர்களா?

பெறுநர்:
மாநிலச் சுகாதார இலாகா இயக்குநர் அவர்கள்
மாவட்ட மருத்துவமனை இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் பார்வைக்கு வந்த புகாரின் பின்னணி உங்களுக்குத் தெரியும். எங்கள் வட்டாரத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், குடல் அறுவை முடிந்து வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கையில், வயிற்றில் ஒட்டிக் குடல் கழிவைச் சேர்க்கும் பை இரண்டு, மலாய் மொழியில் அச்சிட்ட ஒரு தாள். ஞாயிறு இரவு அவர் மனைவி, பிள்ளைகளுக்குக் கட்டும் பேம்பர்ஸை அவர் வயிற்றில் வைத்துக் கைலியால் இறுக்கிக் கட்டி, அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். ஸ்டோமாவை, அதாவது கழிவு வெளியேற அறுவையில் வயிற்றில் திறந்துவைத்த குடல் வாயை, சுற்றித் தோல் உரிந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

இந்த மடலை எழுத வைத்தது அந்தப் புகாருக்கு வந்த பதில். "பராமரிப்பாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது, கையொப்பமும் பெறப்பட்டது" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அந்த மனைவி வார்டில் இருந்தபோது ஒரு முறையாவது, பையைத் தோலில் பிடித்து வைக்கும் பழைய ஒட்டுத் தகட்டை உரித்தாரா, புதியதில் துளை வெட்டினாரா, தன் கையால் ஒட்டினாரா என்பதைப் பற்றிப் பதிலில் ஒரு சொல் இல்லை. எங்கள் கோரிக்கை அதைப் பற்றியதுதான். வயிற்றில் பையோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன், அவரைப் பார்த்துக்கொள்ளப் போகும் மனைவியோ கணவனோ, விவரம் தெரிந்த தாதி பக்கத்தில் நின்று பார்க்க, தன் கையால் இரண்டு முறை அந்தப் பையை மாற்ற வேண்டும். அதன்பிறகு கையொப்பம் வாங்குங்கள்.

காகிதத்தில் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, அந்தத் துளை ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறோம். சிறுகுடலை வெளியே கொண்டுவரும் இலியோஸ்டமியில் வெளியேறுவது கெட்டியான மலம் இல்லை. செரிமான நொதிகள் நிறைந்த நீர். சாப்பிட்ட இறைச்சியைக் கரைக்கும் நொதி தோலையும் அரிக்கும். சில மணி நேரம் தேங்கினால் போதும், தோல் சிவந்து வெந்துபோகும். இதற்காகத்தான் 1952-இல் பர்மிங்காமைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரயன் புரூக், குடல் முனையைத் தட்டையாகத் தைக்காமல், உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து, சிறு முளையாக நீட்டித் தைக்கும் முறையை வெளியிட்டார். கழிவு தோலில் படாமல் நேராகப் பையில் விழ வேண்டும் என்பதே அதன் நோக்கம். உங்கள் அறுவை மருத்துவர்களும் இன்று அந்த முறையில்தான், இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் வெளியே தெரிய, தைக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கமாகச் செய்த வேலை, வீட்டில் கத்தரிக்கோல் அரை சென்டிமீட்டர் தள்ளிப் போனதில் பாழாகிறது.

தகட்டின் துளை ஸ்டோமாவின் விளிம்பைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இடைவெளியில் தெரியும் தோலில் கழிவு தேங்கும். குறைத்து வெட்டினால் தகட்டின் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். ஸ்டோமாவில் வலி நரம்பு இல்லாததால் அறுபடுவது நோயாளிக்கே தெரியாது, பையில் இரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது. அறுவைக்குப் பின் வீங்கியிருக்கும் ஸ்டோமா ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சுருங்கும். வார்டில் 40 மில்லிமீட்டர் இருந்தது 30-க்கு இறங்கலாம். வார்டில் கொடுத்த அளவு அட்டையையே வைத்து இரண்டு மாதம் வெட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. "வாரம் ஒரு முறை அளந்து பாருங்கள், வட்டமாக இல்லாவிட்டால் நீள அகலம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் சொல்ல ஆள் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

ஒட்டுவதும் கைப்பழக்கம்தான். காலையில் பசியாறும் முன் கழிவு குறைவாக இருக்கும், மாற்றுவதற்கு அதுவே நல்ல நேரம். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் தகட்டை மேலிருந்து கீழாக மெல்ல உரிக்க வேண்டும். பிய்த்து இழுத்தால் மேல்தோலும் சேர்ந்து வரும். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். டெட்டால் வேண்டாம், ஈரத் துடைப்பான் வேண்டாம். துடைக்கும்போது துளி இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டோமா ஈரமாகச் சிவப்பாக இருக்கும் வரை நலம். கருத்தாலோ ஊதா நிறமானாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும். பிறகு தோலைத் தேய்க்காமல் ஒற்றி, முழுவதும் காய விட வேண்டும்.

எங்கள் வீடுகளில் பிழை நடக்கும் இடம் இதுதான். தோல் சிவந்திருப்பதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவச் சொல்வார். அன்பில் சொல்வதுதான். ஆனால் எண்ணெய் பட்ட தோலில் தகடு ஒட்டாது. ஒட்டாத ஓரத்தில் பிளாஸ்டர் போடுவார்கள். கழிவு பிளாஸ்டருக்கு அடியில் ஊறி, வெளியே தெரியாமல் தோலைத் தின்னும். முகப் பவுடர் போட்டாலும் இதே கதிதான். ஈரம் கசியும் புண்ணின் மேல் மட்டும் ஸ்டோமாப் பொடியைத் தூவி, மிஞ்சியதை உதறிவிட வேண்டும். குழாயில் வரும் பேஸ்ட் பள்ளத்தை நிரப்புவதற்கு, தகட்டை ஒட்டுவதற்கு இல்லை. ஆல்கஹால் கலந்த வகையாக இருந்தால் புண்ணில் பட்டதும் எரியும். தகட்டை ஒட்டியதும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் சூடு கொடுத்தால்தான் பசை பிடிக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தகடு என்பது பொதுக் கணக்கு. வெயிலில் வியர்த்தால் அதற்கு முன்பே தளரும். அரித்தாலும் எரிந்தாலும் "இன்னும் ஒரு நாள் தாங்கட்டும்" என்று விடாமல் உடனே கழற்றிப் பார்க்க வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் எடை இழுத்தே தகடு பெயரும். இரவிலும் ஒரு முறை எழுந்தாக வேண்டும்.

இவ்வளவையும், புறப்படும் அவசரத்தில், மருந்து வாங்கும் வரிசைக்கும் வேன்காரரின் தொலைபேசி அழைப்புக்கும் நடுவில் ஐந்து நிமிடத்தில் சொன்னால் யாருக்குப் பதியும்? தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஒரு பெண், தெரிந்த மாதிரித் தலையாட்டத்தான் செய்வார். வெள்ளை உடுப்புப் போட்டவர் முன்னால் "புரியவில்லை" என்று சொல்லும் தைரியம் எல்லாருக்கும் வராது.

தண்ணீர் விஷயம் தோலைவிட ஆபத்தானது. இலியோஸ்டமியிலிருந்து நாளொன்றுக்கு 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரை வருவது இயல்பு. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பின் உப்பும் நீரும் சேர்ந்து போகின்றன. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மறுபடியும் வார்டுக்கு வருகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாகம் எடுக்கிறதே என்று வீட்டில் வெறும் தண்ணீரையும் தே ஓவையும் (பால் சேர்க்காத தேநீர்) குடம் குடமாகக் கொடுப்பார்கள். அது கழிவை இன்னும் கூட்டும். வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். கிளினிக்கில் தரும் பொட்டலம் சிறந்தது. அது கைவசம் இல்லாத வேளையில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நீரிழிவு இருந்தால் மருத்துவரைக் கேட்டு. கொட்டுவதை அளக்க மலிவுக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளை போதும். அளக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஒருவர் வேண்டும். முதல் ஆறு வாரம் தேங்காய்ப் பூ, முருங்கைக்காய், சோளம், காளான், கடலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும், கழிவு நின்று வயிறு வலித்து வாந்தி வந்தால் காத்திருக்கக் கூடாது, மெல்லக் கரையும் மாத்திரை முழுசாகப் பையில் விழுந்தால் மருந்தாளரிடம் காட்ட வேண்டும். இதெல்லாம் உங்கள் தாளில் இருக்கலாம். அந்தத் தாள் தமிழில் இல்லை.

பைகளைப் பற்றி. இரண்டு பை ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் வீடு, மாதா மாதம் பைக்கும் தகட்டுக்கும் எங்கே போகும்? மலிவாகக் கிடைக்கிறதென்று ஷாப்பி இணையக் கடையில் வாங்குகிறார்கள். 57 மில்லிமீட்டர் வளையத்துத் தகட்டில் 45 மில்லிமீட்டர் பை பூட்டாது. ஒரு நிறுவனத்தின் தகட்டில் இன்னொரு நிறுவனத்தின் பையும் பொதுவாகப் பூட்டாது. வாங்கிய பெட்டி அப்படியே அலமாரியில் கிடக்கிறது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்தால் பசை வெயிலில் உருகிக் கெட்டுவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. மருத்துவ சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, உதவி கேட்கலாம் என்பதை நோயாளி வீட்டுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம். அந்த விண்ணப்பம் வார்டிலேயே தொடங்கட்டும்.

தோட்ட வேலையைப் பற்றியும் இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மருத்துவச் சான்றிதழ் எழுதுவது நீங்கள்தான். இரண்டு வார விடுப்பு, பிறகு "இலகுவான வேலை" என்று எழுதி அனுப்புகிறீர்கள். செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தூக்கிப் போடும் மனிதரின் வயிற்றுத் தசையில் இப்போது ஒரு துவாரம் இருக்கிறது. ஸ்டோமாவின் பக்கத்தில் குடல் பிதுங்கினால் இன்னொரு அறுவை. வேலைச் சட்டத்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கென ஆண்டுக்கு 60 நாள் விடுப்பு இருக்கிறது. என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சான்றிதழ் எழுதினால் நல்லது.

கோவிலுக்குப் போகலாமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். சரியாக ஒட்டிய பை கசியாது, வாடை வராது, தாராளமாகப் போகலாம். ஒரே படுக்கையில் படுக்கலாமா என்று கேட்க வெட்கப்பட்டு, கட்டிலைப் பிரித்துப் போட்டுக்கொண்ட தம்பதிகளும் உண்டு. காயம் ஆறி மருத்துவர் சரி என்ற பிறகு தடையே இல்லை, பையை முன்கூட்டிக் கொட்டிவிட்டால் போதும். வார்டில் ஒரு தாதி கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து இதைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் எத்தனை மாத மௌனம் தவிர்ந்திருக்கும்!

இது புதிய யோசனை இல்லை ஐயா. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல், தன்னிடம் சிகிச்சை பெற்று ஸ்டோமாவோடு வாழ்ந்த நோர்மா கில் என்ற பெண்மணியை 1958-இல் இந்த வேலைக்கென்றே அமர்த்தினார். அறுவை முடிந்தவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் பை மாற்றக் கற்றுக்கொடுப்பதே அவர் வேலை. அவர் தாதிகூட இல்லை. ஆறு தலைமுறைத் தோட்டத் தொழிலாளர் உழைப்பில் வளர்ந்த ஊர்களில், 60 ஆண்டுக்கு மேல் கழித்தும், இதை நாங்கள் மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கைப்படி இந்நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது பெருங்குடல் புற்றுநோய். இனியும் பையோடு ஆட்கள் வீடு திரும்பத்தான் போகிறார்கள்.

வார்டுத் தாதியர் மீது எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. ஒருவர் எத்தனை கட்டிலுக்கு ஓடுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆள் பற்றாக்குறையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, கையொப்பத்தைக் காட்டி அந்த மனைவியின் தலையில் பழியைப் போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். துணைவர் தன் கையால் இரண்டு முறை பை மாற்றிய பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு முறையையும் தேதியோடு கோப்பில் பதியுங்கள். தமிழில் பேசத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கட்டும். கையில் ஒரு மாதத்துக்கான பையும் தகடும் கொடுங்கள், வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்புவதைத் தவிருங்கள். பெரிய மருத்துவமனையில் இருக்கும் ஸ்டோமா தாதி மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊர் அரசாங்க கிளினிக்குக்கு வந்தால், பஸ் வசதி இல்லாத தோட்டங்களிலிருந்து ஆட்களை அழைத்துவரும் பொறுப்பு எங்களுடையது. தாளைத் தமிழாக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், மலாய் மூலத்தைக் கொடுத்தால் போதும், செலவு வேண்டாம்.

எந்த நாள் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வயிற்றுப் பையோடு வீடு திரும்பியவர்களின் மனைவிமார்களும் கணவன்மார்களும்