அப்பாவுக்குக் காட்டாமல் எழுதுவது

பாளையங்கோட்டை
நவம்பர் 24

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

போனில் பேசினால் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். அங்கே பனி ஆரம்பித்துவிட்டதா? காதை மூடிக்கொண்டு போ. சின்னதிலிருந்தே உனக்குக் குளிர் காதில்தான் பிடிக்கும். வேளைக்குச் சாப்பிடு.

இங்கே போன வாரம் சபையில் அசன விருந்து. வடக்கே இருபத்திரண்டு வருஷம் ஊழியம் செய்தவர் என்று அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மகள் கனடாவில் நல்ல வேலையில் இருக்கிறாள் என்பதையும் சபை ஐயர் சேர்த்துச் சொன்னார். பெருமையாகத்தான் இருந்தது. பந்தியில் கறிக்குழம்பு வாளியோடு வந்த உன் பெரிய அத்தை, "மாப்பிள்ளையப் போட்டோவுலயே காணோமே" என்றாள். நைட் ஷிப்ட் என்று சொல்லிவைத்தேன். ஆகஸ்டிலிருந்து நீ எனக்குச் சொல்வதும் அதுதானே.

நான் ஒன்றும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் பின்னால் செருப்பு ஸ்டாண்டு தெரிந்தது. உன் ஷூவும் பிள்ளையின் பூட்ஸும் மட்டும் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

தம்பியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வந்தது இந்தப் பிள்ளைக்கு என்று கோபம்கூட வந்தது. மலையில் இருந்தவரைக்கும் உனக்கு எதையும் மூடி வைக்கத் தெரியாது. தமிழுக்கு முன்னால் உன் வாயில் வந்தது அந்த மலை ஜனங்களின் மால்டோ பாஷைதான். லீவுக்கு ஊருக்கு வந்து நெஞ்சைத் தட்டித் தட்டி "ஏன், ஏன்" என்பாய். மால்டோவில் அது "நான்" என்று பாட்டிக்கு என்ன தெரியும்? "இது எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேட்குதே" என்று சிரிப்பாள்.

1996 ஜூனில் உன்னை ஹாஸ்டலில் விட்டோம். சாகிப்கஞ்சில் ஏறி, ஹவுராவிலும் மெட்ராஸிலும் மாறி வந்தோம். உனக்கு ஏழு வயசு. மலையில் பள்ளிக்கூடம் என்று ஒரு கட்டடம் உண்டு, வாத்தியார் வர மாட்டார். வேறு வழி இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். விட்டதற்காக நான் வருத்தம் சொல்ல வரவில்லை.

மறு வருஷம் இன்லண்ட் லெட்டரில் பென்சிலால் எழுதியிருந்தாய். "அம்மா ராத்திரி பாயிலயே ஒண்ணுக்குப் போயிடுறேன். யார்ட்டயும் சொல்லாத. வந்து கூட்டிட்டுப் போ." அது என் கைக்கு வரவே பன்னிரண்டு நாள் ஆனது. அப்போது மலையில் காலா அசார் காய்ச்சல். ஒரு பையனுக்கு மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வீங்கியிருந்தது. தினம் ஒரு ஊசி, இருபது நாளைக்கு நடுவில் விடக் கூடாது. போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை.

அன்றைக்கு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஜெபக் கடிதம் எழுதினேன். பர்பட்டிப் பயிருக்கு மழை வேண்டும் என்பதற்கும் ஜீப் ரிப்பேருக்கும் நடுவில், "மகள் பியூலா இரவில் படுக்கையை நனைக்கிறாள், ஹாஸ்டலில் சமாதானமாயிருக்க ஜெபியுங்கள்" என்று எழுதினேன். பெயரைப் போட்டே எழுதினேன். நம்மைத் தாங்குகிற நானூறு வீட்டுக்கு அது போனது. உன் ஹாஸ்டலுக்கும் ஒரு பிரதி போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலை ஜெபத்தில் சத்தமாக வாசித்தார்கள் என்பதை நீ சொல்லவில்லை. தம்பி கல்யாணத்தில் உன்கூடப் படித்த பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாள். நீ பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாயசம் வரவில்லை என்று பரிமாறுகிற பையனைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷக் கடிதத்திலும் ஒரே வரி. "நான் நலம். நீங்கள் நலமா? பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன்." ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று நான் அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னவள்.

வியாழக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். மூட்டுவலி என்றேன். உன் பேரை எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை, வேண்டாததை எல்லாம் நீயே சொல்.

என் பாஸ்போர்ட் 2031 வரைக்கும் செல்லும். டிக்கெட்டுக்குப் பணம் என்னிடமே இருக்கிறது. விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் எழுது, வேறு ஒன்றும் எழுத வேண்டாம். பிள்ளைக்கும் காதை மூடிவிடு.

அம்மா