தடிப்பைப் பார்த்த அன்றே வரச் சொன்னவர்களுக்கு

அன்புடையீர்,

வலிப்பு மாத்திரை ஒவ்வாமல் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்து, தோல் உரிந்து, உயிர் மீண்டவர்கள் சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி மருந்தாளுநர்களுக்கு. கார்பமாசெபைன், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் எதைக் கொடுத்தாலும், "முதல் எட்டு வாரம் உடம்பைத் தினமும் பாருங்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல் வந்தால் அம்மை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மாத்திரை அட்டையோடு அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பினீர்கள். பெரியவர்களுக்கு லாமோட்ரிஜின் தனியாக என்றால் முதல் இரண்டு வாரம் தினம் 25 மில்லிகிராம். கூடவே வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இருந்தால் லாமோட்ரிஜின் உடம்பில் தேங்கும், அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் 25. சீட்டில் இது மாறியிருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். ஒரு வாரம் மாத்திரை விட்டுப்போனவர் பழைய அளவையே கேட்டு வந்தபோது கொடுக்க மறுத்தீர்கள். தொடக்க அளவிலிருந்து ஏறாவிட்டால் தடிப்பின் ஆபத்து கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

நரம்பியல் மருத்துவர்களே, ஒவ்வாத மருந்தை உடனே நிறுத்தினீர்கள். வெறுமனே நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் தொடரக்கூடும் என்பதால் அன்றே லெவிடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்தைத் தொடங்கினீர்கள். கார்பமாசெபைனுக்குப் பதில் ஃபெனிட்டாயினோ ஃபீனோபார்பிட்டாலோ தரவில்லை. மூன்றும் வேதியமைப்பில் உறவு. ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகலாம்.

வார்டு செவிலியர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காமல், அதையே புண்ணுக்குப் போர்வையாக விட்டீர்கள். ஒட்டும் பிளாஸ்திரியைத் தோலில் படவிடவில்லை. ஊசிக்குழாயைக்கூடத் துணிக்கட்டால் நிறுத்தினீர்கள். தோலில்லாத உடம்பு சூட்டை இழக்கும் என்று அறையை 25 முதல் 28 டிகிரிக்குள் வைத்தீர்கள். இரவிலும் இரண்டு மணிக்கொரு முறை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டீர்கள். கண் மருத்துவரை முதல் நாளே அழைத்ததும் நீங்கள்தான். தாமதித்திருந்தால் இமை விழியோடு ஒட்டித் தழும்பாகி, தோல் ஆறிய பிறகும் பார்வை போயிருக்கலாம்.

கார்பமாசெபைனால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்கும் எச்.எல்.ஏ-பி*15:02 மரபணு வகைக்கும் உள்ள தொடர்பை 2004-ல் வெளியிட்ட தைவான் ஆய்வாளர்களுக்கும் நன்றி. இன்று மாத்திரை தொடங்கும் முன்பே இரத்தத்தில் அதைப் பார்க்க முடிகிறது. அந்த வகை இல்லை என்று முடிவு வந்தாலும் எட்டு வாரக் கவனம் குறையக்கூடாது. வேறு காரணங்களாலும் தடிப்பு வரும்.

வீடு திரும்பும்போது ஒவ்வாத மருந்தின் பெயரை அட்டையில் எழுதித் தந்தவர்களே, அதை எல்லா மருத்துவரிடமும் காட்டச் சொன்னீர்கள். கார்பமாசெபைன் முகநரம்பு வலிக்கும், லாமோட்ரிஜின் இருமுனை மனநோய்க்கும் தரப்படுகின்றன. வலிப்பைப் பற்றிப் பேச்சே வராத இடத்திலும் அந்த அட்டைதான் காக்கிறது.

நன்றியுடன்,
மீண்டவர்களும் உடனிருந்தவர்களும்