ஞாயிறு திருப்பலியில் மக்கள் பங்கேற்க அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
பங்குப் பேரவைச் செயலாளர்,
கடற்கரைக் கிராமப் பங்கு மக்கள் சார்பாக,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

நாள்: 20.09.2021

பொருள்: வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களில் வழிபாட்டுத் தலங்களுக்குள் பொதுமக்கள் செல்லத் தடை – ஞாயிறு திருப்பலிக்கு (ஆலய வழிபாட்டுக்கு) கட்டுப்பாடுகளுடன் விலக்கு அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொரோனா பரவலைத் தடுக்க, கடந்த ஆகஸ்ட் மாதத்திலிருந்து வாரந்தோறும் மூன்று நாட்கள் வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதி இல்லை. இந்த ஆணையையோ இதற்கு முன் வந்த ஆணைகளையோ நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை. 2020 ஏப்ரல் 12 அன்று வந்த உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டர்) வீட்டுக்குள்ளேயே கொண்டாடினோம். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆலயம் திறந்தபோது, தரையில் ஆறடிக்கு ஒன்றாக வெள்ளைப் பெயின்டில் வட்டம் போட்டு அதற்குள் அமர்ந்தோம். இரண்டாம் அலையில், இந்த ஆண்டு ஏப்ரல் 26 முதல் ஜூலை முதல் வாரம் வரை மீண்டும் கதவடைத்தோம். வாசலில் இருக்கும் தீர்த்தத் தொட்டி இன்றுவரை உலர்ந்தே கிடக்கிறது. அதன் அருகில் சோப்பும் தண்ணீர் வாளியும் இருக்கின்றன. திருப்பலியில் தரப்படும் அப்பமாகிய நற்கருணையை நாவில் வாங்கிப் பழகிய பெரியவர்கள்கூட இப்போது கையில்தான் வாங்குகிறார்கள்.

எங்கள் குறை ஒன்றுதான். திங்கள் முதல் வியாழன் வரை ஆலயம் திறந்திருக்கிறது, ஆனால் அந்நாட்களில் எங்கள் மக்கள் கடலில் இருக்கிறார்கள். விடியுமுன் புறப்படும் வள்ளங்கள் கரைக்குத் திரும்பி, மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிபார்த்து வைப்பதற்குள் பொழுது போய்விடுகிறது. மாலைத் திருப்பலிக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அது ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாள் என்பதால் எங்களுக்குக் கடன் திருநாள். குடும்பத்தோடு திருப்பலியில் பங்கேற்பது திருச்சபை எங்களுக்கு விதித்திருக்கும் கடமை. ஆக, மக்கள் வர முடியாத நாட்களில் ஆலயம் திறந்தும், வரக்கூடிய ஒரே நாளில் அடைத்தும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகையை இழந்து நிற்கும் எங்கள் இஸ்லாமியச் சகோதரர்களின் வருத்தமும் இதுவாகத்தான் இருக்கும் என்பதையும் பணிவுடன் சொல்லிக்கொள்கிறோம்.

தடையின் நோக்கம் கூட்டத்தைக் குறைப்பது என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் ஞாயிறு காலையில் எங்கள் ஊரில் நடப்பதைத் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பங்குத்தந்தையும் அவருக்கு உதவும் உபதேசியாரும் மட்டும் உள்ளே இருக்க, திருப்பலி ஒலிபெருக்கியில் கேட்கிறது. பூட்டிய கேட்டுக்கு வெளியே வயதான தாய்மார்கள் கையில் செபமாலையோடு வந்து நிற்கிறார்கள். வெயில் ஏறியதும் மதிற்சுவரின் நிழலுக்குள் ஒருவரையொருவர் ஒட்டி ஒதுங்குகிறார்கள். ஆலயத்துக்குள் வட்டத்துக்கு ஒருவராக அமர்ந்திருந்தால் இவ்வளவு நெருக்கம் நேராது. வீட்டிலேயே இருங்கள் என்று அவர்களிடம் சொல்லிப் பார்த்தோம். தொலைக்காட்சியில் திருப்பலி பார்க்கலாம், நற்கருணை வாங்க முடியுமா என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 23 முதல் திரையரங்குகள் பாதி இருக்கைகளுடன் இயங்குகின்றன. செப்டம்பர் 1 முதல் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இவற்றில் எங்களுக்கு மகிழ்ச்சியே. செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த மாபெரும் தடுப்பூசி முகாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நடந்தது. அன்று எங்கள் மக்கள் முகக்கவசத்துடன் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டார்கள். அதே ஒழுங்கோடு ஆலயத்திலும் அமர அவர்களால் முடியும்.

அனுமதி கிடைத்தால், வழக்கமான ஒரே ஞாயிறு திருப்பலிக்குப் பதிலாகக் காலை 5.30, 7.00, 8.30 என மூன்று திருப்பலிகள் நடத்தப் பங்குத்தந்தை இசைந்துள்ளார். அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) வாரியாக முன்கூட்டியே டோக்கன் கொடுத்து, ஒரு திருப்பலிக்கு 50 பேருக்கு மேல் போகாமல், ஆலய முற்றத்தில் திறந்தவெளியில் நடத்துவோம். காய்ச்சல், இருமல் உள்ளவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 50 பேர் அதிகம் என்று சுகாதாரத் துறை கருதினால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கைக்கும் சம்மதிக்கிறோம். எங்கள் ஊரில் தொற்று மறுபடி கூடினால், தாங்கள் சொல்லும் நாளிலேயே நாங்களாகவே கதவை அடைத்துவிடுவோம்.

சமய வழிபாட்டு உரிமை பொது சுகாதாரத்துக்கு உட்பட்டது என்பதை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரம்பை ஏற்றுத்தான், அதற்குள் நின்று இதைக் கேட்கிறோம். பாடல்குழு வேண்டாம், திருவிழா வேண்டாம், தேர் வேண்டாம். இந்த ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவே மக்கள் இல்லாமல் நடந்ததைக் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

எனவே, தாங்கள் கருணை கூர்ந்து, வருவாய்த் துறை, சுகாதாரத் துறை அலுவலர்களை ஒரு ஞாயிறு காலை எங்கள் ஊருக்கு அனுப்பி நிலைமையை ஆய்வு செய்யச் சொல்லி, மேற்கண்ட கட்டுப்பாடுகளுடன் ஞாயிறு திருப்பலிக்கு மக்களை அனுமதிக்கும்படி அரசுக்குப் பரிந்துரை செய்ய வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பங்குப் பேரவைச் செயலாளர்

இணைப்பு: பங்கு மக்களின் கையொப்பங்கள்