வெளியூர் கோல் விதி திரும்பி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட் சுற்றுகளைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வெளியூர் கோல் விதியை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2021இல் நீக்கியது நல்ல காரியம், அதனால் போட்டிக்கு நியாயம் கிடைத்தது என்கிறார் கட்டுரையாளர். நான் லிவர்பூல் ரசிகன். அந்த விதி இருந்த காலத்தில் எங்கள் அணி வாழ்ந்ததும் உண்டு, அடிபட்டதும் உண்டு. ஆனாலும் அதை நீக்கியிருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரு திருத்தம். வெளியூரில் அடித்த கோல் 'இரண்டாகக் கணக்கிடப்பட்டது' என்று கட்டுரையில் இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. ஒவ்வோர் அணியின் மைதானத்திலும் ஒன்றாக நடக்கும் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துக் கோல்கள் சமமாக இருந்தால்தான், எதிரணியின் மைதானத்தில் யார் அதிகம் அடித்தார்கள் என்று பார்ப்பார்கள். சமமாக இல்லாவிட்டால் அந்த விதிக்கு அங்கே வேலையே கிடையாது. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல்தான் பலரும் அதை அநியாயம் என்கிறார்கள்.

அந்த விதி ஓர் ஆட்டத்துக்குள் என்ன வேலை செய்தது என்று பார்க்க, 2019 மே 7 அன்று எங்கள் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்த அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் ஒன்றே போதும். நம் ஊரில் அப்போது நள்ளிரவு 12.30. ஆறு நாட்களுக்கு முன் தன் மைதானமான கேம்ப் நோவில் பார்சிலோனா 3-0 என்று எங்களை வீழ்த்தியிருந்தது. சுவாரஸ் ஒன்று, மெஸ்ஸி இரண்டு. மெஸ்ஸியின் இரண்டாவது கோல், வெகு தொலைவிலிருந்து அடித்த அந்த ஃப்ரீ கிக்கை, எதிரணி ரசிகனாக இருந்தும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் நான்காவதை அடிக்க டெம்பெலேக்கு அருமையான வாய்ப்பு கிடைத்தது. பந்தை வலுவில்லாமல் தட்டி நேராக எங்கள் கோல்கீப்பர் அலிசனின் கையில் கொடுத்தார். அது மட்டும் உள்ளே போயிருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எழுத எனக்கு எந்த முகாந்திரமும் இருந்திருக்காது.

இரண்டாவது ஆட்டத்துக்கு எங்கள் முன்கள வீரர்களில் சாலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. மூன்று கோல் கடன் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், பார்சிலோனா ஆன்ஃபீல்டில் ஒரே ஒரு கோல் அடித்துவிட்டால் நாங்கள் ஐந்து அடித்தாக வேண்டும் என்பது. ஏழாவது நிமிடத்தில் ஓரிகி முதல் கோலை அடித்த பிறகும் மனம் ஆறவில்லை. அலிசனை அன்று கவனித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மெஸ்ஸி, கோட்டின்யோ, இடைவேளைக்குச் சற்று முன் தனியாக உள்ளே புகுந்த ஜோர்டி ஆல்பா என்று வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரையும் அவர் தடுத்தார். ஆல்பா வந்தபோது கோல் கம்பங்களுக்கு நடுவில் காத்திருக்காமல் பாய்ந்து முன்னே வந்து அவர் காலடியிலேயே பந்தை அடைத்தார். சாதாரணமாக அது ஒரு நல்ல தடுப்பு, அவ்வளவுதான். வெளியூர் கோல் விதி இருந்ததால் அதன் விலை இரண்டு கோல். கோல்கீப்பர்களுக்கு இந்த அளவு மதிப்பைக் கொடுத்த விதி கால்பந்தில் வேறு எது?

இடைவேளையில் ராபர்ட்சன் காயத்தோடு வெளியேற, வைனால்டம் வந்தார். 54ஆவது நிமிடத்தில் ஒன்று, 56ஆவது நிமிடத்தில் இன்னொன்று. மொத்தத்தில் 3-3. அப்புறம் 79ஆவது நிமிடத்துக் கார்னர். பந்தைப் பொறுக்கிப் போடும் சிறுவன் கண்ணிமைப்பதற்குள் வேறொரு பந்தைக் கொடுத்துவிட்டான். இருபது வயது அலெக்சாண்டர்-ஆர்னால்ட் அதைக் கோட்டில் வைத்துவிட்டு, ஷகீரி வந்து அடிக்கட்டும் என்பதுபோல் இரண்டடி நடந்தார். சட்டென்று திரும்பி வந்து தரையோடு தரையாக உதைத்தார். பார்சிலோனாவின் தடுப்பாளர்கள் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தைப் பார்த்தவர் ஓரிருவர்தான். ஓரிகி பார்த்துவிட்டார். 4-0.

எல்லோரும் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். என் வாதம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மொத்தத்தில் லிவர்பூல் 4-3 என முன்னிலை. இன்றைய விதிப்படி பார்சிலோனா அதன் பிறகு ஒன்று அடித்தால் என்ன ஆகும்? 4-4, கூடுதல் நேரம், அதுவும் எங்கள் மைதானத்தில், எங்கள் கூட்டத்தின் முன்னால். அன்றைய விதிப்படி அதே ஒரு கோலில் பார்சிலோனா இறுதிப் போட்டியில், நாங்கள் வீட்டில். ஆக, நான்கு கோல் அடித்து முன்னே நிற்கும் அணிதான் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மீதி நிமிடங்களை ஓட்டியது. இருபுறமும் இறுதிப் போட்டிக்கு ஒரு கோல் தூரத்தில். நடுவில் ஒதுங்கி மூச்சுவிட இடமே இல்லை. கூடுதல் நேரம் என்ற மெத்தை இப்போது விரித்துக் கிடக்கிறது. ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆறுதலுக்காகவா விடிய விடியக் கண்விழிக்கிறோம்?

யூஃபா சொன்ன காரணத்தைக் கட்டுரையாளர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். 1970களின் நடுப்பகுதியில் உள்ளூர் அணி 61 விழுக்காடு ஆட்டங்களை வென்றது, பின்னர் அது 47 ஆகக் குறைந்தது. வெளியூர் அணியின் வெற்றி 19 விழுக்காட்டிலிருந்து 30 ஆக உயர்ந்தது. எனவே வெளியூரில் கோல் அடிப்பதற்குத் தனி மரியாதை தேவையில்லை என்பது வாதம். கணக்கில் தவறில்லை. ஆனால் 47க்கும் 30க்கும் இடையில் இன்னும் 17 இருக்கிறதே, அது சிறிய இடைவெளியா? அதுவும் போக, இந்த விதி வெறும் இழப்பீடாக வந்ததன்று. சமநிலையை உடைக்க மைதானத்துக்குள்ளேயே நடந்த ஒன்றைத் தேடியபோது வந்தது.

அதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதை லிவர்பூல் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1965இல் ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) காலிறுதி. ஜெர்மனியின் கொலோன் அணியோடு இரண்டு ஆட்டங்களும் 0-0. ராட்டர்டாமில் வைத்த மூன்றாவது ஆட்டம், கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 2-2. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளையுமான ஒரு வில்லையை நடுவர் சுண்டினார். அது சேற்றில் செருகி, எந்தப் பக்கமும் சாயாமல் செங்குத்தாக நின்றது. மறுபடியும் சுண்டினார். லிவர்பூல் அரையிறுதிக்குப் போனது. ஐந்து மணி நேர ஆட்டத்தின் முடிவைச் சேறு தீர்மானித்த கூத்து அது. அடுத்த பருவத்தில்தான் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியில் வெளியூர் கோல் விதியைக் கொண்டுவந்தார்கள்.

மறுதரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆட்டத்தை உள்ளூரில் ஆடும் அணி ஒரு கோல் வாங்கிவிடுவோமோ என்று ஒடுங்கிப்போகிறது என்பது ஓரளவு உண்மை. 2019 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் பேயர்ன் மியூனிக்கோடு நடந்த 0-0 ஆட்டத்தை யாரும் ஆசையாக மறுபடி பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த வறட்சியின் பலனை மியூனிக்கில் பார்த்தோம். பேயர்ன் கோல்கீப்பர் நொய்யர் கோலை விட்டு வெளியே ஓடிவர, எங்கள் மானே அவரைச் சுற்றித் திரும்பி இடது காலால் பந்தைத் தூக்கிப் போட்ட அந்தக் கணத்திலேயே பேயர்னுக்கு இரண்டு கோல் தேவைப்பட்டது. 3-1 என்று வென்றோம்.

இன்னொரு குறையை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். கூடுதல் நேரத்திலும் அந்த விதி செல்லும் என்று வைத்திருந்தது அநியாயம். இரண்டாவது ஆட்டத்தில் வெளியூர் அணிக்கு மட்டும் கூடுதலாக 30 நிமிடம் சலுகை கிடைத்தது. 2020 மார்ச் 11 அன்று அட்லெட்டிகோ மாட்ரிட் எங்களை வெளியேற்றியது அப்படித்தான். முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றிருந்த நாங்கள், ஆன்ஃபீல்டில் 90 நிமிடத்தில் 1-0 என்று சமன்செய்து, கூடுதல் நேரத்தில் ஃபிர்மினோவின் கோலால் முன்னே போனோம். மூன்று நிமிடம் கழித்து, காயமடைந்த அலிசனுக்குப் பதிலாக ஆடிய அட்ரியன் பந்தைச் சரியாக உதைக்காமல் எதிராளியிடம் கொடுக்க, யோரென்டே அடித்தார். மொத்தத்தில் 2-2தான், ஆனால் நாங்கள் பின்தங்கிவிட்டோம். பிறகு இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். எனவே என் கோரிக்கை இது: 90 நிமிடம் வரை வெளியூர் கோல் செல்லட்டும், கூடுதல் நேரத்தில் வேண்டாம். இந்தத் திருத்தம் அன்று லிவர்பூலுக்கு வசதியாக இருந்திருக்கும் என்று தாங்கள் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகம் நியாயமானதே.

புதிய விதியில் எங்களுக்கு விழுந்த பெரிய அடி 2025 மார்ச்சில். பாரிசில் எலியட்டின் கோலால் 1-0 என்று வென்றோம். ஆன்ஃபீல்டில் பாரிஸ் செயின்ட் ஜெர்மன் 1-0 என்று வென்றது. பெனால்டியில் 4-1 என்று வெளியேறினோம். இருவருமே வெளியூரில் ஒன்று அடித்திருந்ததால் பழைய விதியும் எங்களைக் காப்பாற்றியிருக்காது. அந்த ஆட்டத்தை வைத்து நான் வாதாடவில்லை. ஆன்ஃபீல்டில் அந்த ஒரு கோலை அடித்தவர் அதே டெம்பெலே என்பதை மட்டும் குறிப்பிட்டுக் கடந்துவிடுகிறேன்.

2018-19 பருவத்தின் நாக் அவுட் சுற்றுகளில் மூன்று மோதல்களை வெளியூர் கோல்தான் தீர்த்தது. பாரிசில் மான்செஸ்டர் யுனைடெட் வென்றது ஒன்று. அதைப் புகழ என் பேனா மறுக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் மௌரா 96ஆவது நிமிடத்தில் மூன்றாவது கோலை அடித்து டோட்டன்ஹாமை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனது இன்னொன்று. மூன்றாவது, ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டர் சிட்டி அதே டோட்டன்ஹாமை 4-3 என்று வென்றும் வெளியேறியது. ஸ்டெர்லிங் கடைசியில் அடித்த கோலை வீடியோ நடுவர் ஆஃப்சைடு என்று ரத்து செய்தபோது அந்த மைதானம் இருந்த இருப்பை மறக்க முடியாது. கட்டுரையாளர் சிட்டி ரசிகராக இருந்தால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது, அவரோடு எனக்கு வழக்கில்லை. வேறு எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் பதில் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லிவர்பூல் ரசிகன்,
திருச்சிராப்பள்ளி